புருனோவுக்கு முகம் தந்தவர்

சேரனும் பிரசன்னாவும் நடித்து 2011-இல் வெளிவந்த 'முரண்' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் கதை நினைவிருக்கும். பயணத்தின்போது எதிர்பாராமல் சந்தித்துக்கொள்ளும் இருவர். ஒருவனுக்கு மணவாழ்க்கையில் நிம்மதி இல்லை. மற்றவன் பெரும் தொழிலதிபரின் மகன். பெற்ற தந்தையின் மீதே தீராத வெறுப்பைச் சுமந்து திரிபவன். ஒருவருக்காக மற்றவர் கொலை செய்துவிட்டால், கொன்றவருக்கும் இறந்தவருக்கும் தொடர்பே இராது, காவல்துறை எந்த நூலைப் பிடித்து வர முடியும் என்று அந்தச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டே பேரம் பேசுகிறான்.

இந்தக் கருவுக்கு வயது எழுபதுக்கும் மேல். பாட்ரிசியா ஹைஸ்மித் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட தனது முதல் நாவலில் இதை எழுதினார். மறு ஆண்டே ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் அதை 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' என்ற பெயரில் படமாக்கினார். கதையின் உரிமையை வெறும் 7,500 டாலருக்கு வாங்கியவர் ஹிட்ச்காக் என்பது நாவலாசிரியருக்குப் பிறகுதான் தெரியவந்தது என்பார்கள். தந்தையைக் கொல்ல ஆள் தேடும் புருனோ ஆண்டனியாக அதில் நடித்தவர் ராபர்ட் வாக்கர். உலகத் திரையில் இன்றளவும் பேசப்படும் கொலைகாரப் பாத்திரங்களுள் புருனோவுக்கு இடமுண்டு. ஆனால், படம் திரைக்கு வந்து இரண்டு மாதங்கள் கழிந்த நிலையில் வாக்கர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 32.

குடி, மனமுறிவு, மருத்துவமனை, இளவயது மரணம் ஆகியவற்றை வரிசையாக அடுக்கி, அவர் புருனோவாக நடிக்கவில்லை, புருனோவாகவே இருந்தார் என்று எழுதுவது திரைப்பட எழுத்தாளர்கள் சிலருக்கு வாடிக்கை. கேட்பதற்குச் சுவையாக இருக்கிறது. அவருடைய வாழ்க்கையைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் அந்தச் சுவை கசந்துவிடும்.

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் 1918 அக்டோபர் 13-இல் பிறந்தார் வாக்கர். நான்கு ஆண் பிள்ளைகளில் கடைசி. தந்தை பத்திரிகைத் துறையில் பணியாற்றியவர். பெற்றோர் பிரிந்தபோது வாக்கர் சிறுவன். அந்தப் பிரிவு அவரைக் கடைசிவரை விடவில்லை. பள்ளியில் அடங்காத பிள்ளை என்று பெயரெடுத்தார். இறுதியில் சான் டியேகோவில் இருந்த ராணுவப் பாணிப் பள்ளியொன்றில் சேர்த்தார்கள். அங்கேதான், பள்ளி நாடகமொன்றில் மேடையேறியபோது, தன்னாலும் ஒன்றை உருப்படியாகச் செய்ய முடியும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

குடும்பத்தில் செல்வம் இருந்தது. ஆனால், அது பெற்றோரிடம் இல்லை. தாயின் சகோதரி ஹார்டென்ஸ் ஓட்லம் நியூயார்க்கின் 'பான்விட் டெல்லர்' என்னும் பெரிய அங்காடியின் தலைவராக இருந்தவர். 1930-களில் ஒரு பெண் அத்தகைய நிறுவனத்தைத் தலைமையேற்று நடத்தியது அரிய செய்தி. அந்தப் பெரியம்மாவின் பணத்தில்தான் வாக்கர் நியூயார்க்கின் அமெரிக்க நாடகக் கலைக் கல்விக்கூடத்தில் சேர்ந்தார். பின்னாளில் சீமான்கள் வீட்டுப் பிள்ளையாகத் திரையில் அவ்வளவு இயல்பாகச் சோம்பி நின்ற இந்த மனிதர், உண்மையில் உறவினர் தயவில் படித்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கல்விக்கூடத்தில் அவரோடு படித்தவர் ஃபிலிஸ் ஐஸ்லி. ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தைக்குத் திரையரங்குகள் சொந்தமாக இருந்தன. இருவரும் காதலித்து, 1939 ஜனவரி 2-இல் டல்சா நகரில் மணந்துகொண்டார்கள். மாமனார் கொடுத்த காரிலேயே ஹாலிவுட்டுக்குப் புறப்பட்டார்கள். அங்கே ஃபிலிஸுக்குச் சிறிய நிறுவனமொன்றில் துணை வேடங்கள் கிடைத்தன. வாக்கருக்குக் கூட்டத்தில் ஒருவராக வந்துபோகும் வேடங்கள். ஏமாற்றத்தோடு நியூயார்க்குக்குத் திரும்பினார்கள். 1940-இலும் 1941-இலும் அடுத்தடுத்து இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. வாக்கர் வானொலி நாடகங்களில் குரல் கொடுத்துக் குடும்பத்தைக் காத்தார். பிற்காலத்தில் அவர் தம் வாழ்வின் நல்ல காலம் என்று திரும்பிப் பார்க்க ஏதேனும் இருந்திருந்தால், அது இந்த இரண்டு மூன்று ஆண்டுகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

1941-இல் ஃபிலிஸ், தயாரிப்பாளர் டேவிட் ஓ. செல்ஸ்னிக்கின் நியூயார்க் அலுவலகத்துக்கு வாய்ப்புத் தேடிச் சென்றார். 'கான் வித் தி விண்ட்', 'ரெபெக்கா' என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்று உச்சத்தில் இருந்தவர் செல்ஸ்னிக். அவர் ஃபிலிஸை ஒப்பந்தம் செய்தார், பெயரையும் மாற்றினார். ஃபிலிஸ் ஐஸ்லி ஜெனிஃபர் ஜோன்ஸ் ஆனார். 'தி சாங் ஆஃப் பெர்னடெட்' படத்துக்காக 1944 மார்ச்சில், தமது இருபத்தைந்தாவது பிறந்தநாளன்று, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். அதற்குள் மணவாழ்க்கை முறிந்திருந்தது. செல்ஸ்னிக்குக்கும் ஜெனிஃபருக்கும் இடையே ஏற்பட்டிருந்த உறவை ஹாலிவுட்டில் அறியாதவர் இல்லை. வாக்கரும் ஜெனிஃபரும் 1943-இன் இறுதியில் பிரிந்தார்கள். 1945-இல் சட்டப்படி மணவிலக்குப் பெற்றார்கள்.

இந்த இடத்தில் நடந்த ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். எம்ஜிஎம் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் 1943-இல் 'பட்டான்' என்ற போர்ப்படத்தில் நடித்துக் கவனம் பெற்றிருந்த வாக்கரை, செல்ஸ்னிக் தமது அடுத்த படமான 'சின்ஸ் யூ வென்ட் அவே'க்கு இரவலாகப் பெற்றார். போருக்குச் சென்ற கணவனை எதிர்பார்த்திருக்கும் அமெரிக்கக் குடும்பமொன்றின் கதை அது. அந்த வீட்டின் மூத்த மகளாக ஜெனிஃபர். அவளைக் காதலித்து, போர்முனைக்குச் சென்று மடியும் இளம் படைவீரனாக வாக்கர். திரைக்கதையை எழுதியவரே செல்ஸ்னிக்தான். வீட்டில் பிரிந்துகொண்டிருந்த இருவர், பிரிவுக்குக் காரணமானவர் எழுதிய காதல் வசனங்களைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒருவருக்கொருவர் பேச வேண்டியிருந்தது. நகரத் தொடங்கிய ரயிலோடு சேர்ந்து ஓடி அவள் விடைகொடுக்கும் ரயில் நிலையக் காட்சி அந்தப் படத்தின் உயிர்நாடி. காதல் காட்சிகளைப் படமாக்கும்போது ஜெனிஃபர் அழுதபடி தளத்தைவிட்டு வெளியேறியதுண்டு என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதில் செல்ஸ்னிக்கைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. ஜெனிஃபரும் அறியாப் பெண் அல்லர். தமது முடிவைத் தாமே எடுத்தவர். ஆனால், ஒரு நடிகனின் முறிந்த மனத்தையே படத்துக்கான மூலப்பொருளாகக் கொள்ளலாம் என்ற துணிவு அந்தத் தொழிலுக்கு இருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே துணிவு அவருடைய பிணத்தின்மீதும் கைவைத்தது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வெளியுலகுக்கு வாக்கர் அப்போது பக்கத்து வீட்டுப் பையன். ஒல்லியான உடல், சுருண்ட முடி, கூச்சம் கலந்த சிரிப்பு. 'சீ ஹியர், பிரைவேட் ஹார்க்ரோவ்' படத்தில் எதைத் தொட்டாலும் சொதப்பும் புதுப் படைவீரனாக நடித்து மக்களைச் சிரிக்க வைத்தார். 1945-இல் வின்சென்ட் மினெல்லி இயக்கிய 'தி கிளாக்' அவருடைய நல்ல படங்களில் ஒன்று. இரண்டு நாள் விடுப்பில் நியூயார்க் வந்திறங்கும் படைவீரன், பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் கூட்டத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். விடுப்பு முடிவதற்குள் இருவரும் மணந்துகொள்கிறார்கள். மீண்டும் அதே நிலையத்தில் பிரிகிறார்கள். ஜூடி கார்லண்ட் ஆடாமல் பாடாமல் நடித்த படம் அது. போருக்கு அனுப்பிவைத்த பிள்ளைகளை வாக்கரின் முகத்தில் கண்டார்கள் அமெரிக்கத் தாய்மார்கள். அதே காலத்தில் அந்த முகத்துக்குரியவர் இரவுகளை மதுக்கூடங்களில் கழித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நான்கைந்து ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். இசையமைப்பாளர் ஜெரோம் கெர்னாக ஒரு படம், பிராம்ஸாக ஒரு படம், ஏவா கார்ட்னருடன் ஒரு நகைச்சுவைப் படம். எதுவும் அவரை அடுத்த படிக்கு ஏற்றவில்லை. 1948 ஜூலையில் இயக்குநர் ஜான் ஃபோர்டின் மகள் பார்பராவை மணந்தார்; அந்த உறவு நிலைக்கவில்லை. அதே ஆண்டு குடிபோதையில் காவல்துறையிடம் பிடிபட்டார். காவல் நிலையத்தில் எடுக்கப்பட்ட அவருடைய அலங்கோலமான படம் நாளிதழ்களில் வெளியானது. நிறுவனத்தின் வற்புறுத்தலால் கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரிலுள்ள மெனிங்கர் மனநல மருத்துவமனையில் சேர்ந்து பல மாதங்கள் சிகிச்சை பெற்றார்.

மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதைக் குடும்பங்கள் மூடி மறைத்த காலம் அது. திரை நட்சத்திரமொருவர் அங்கே சென்றார் என்பதும், திரும்பி வந்த பிறகு அதைப் பற்றிச் செய்தியாளர்களிடம் மறைக்காமல் பேசினார் என்பதும் சாதாரணமல்ல. அவருடைய குடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் இந்தத் துணிவுக்கு ஒரு வரியும் ஒதுக்குவதில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்குக் கிடைத்த வேடங்களின் தன்மை மாறத் தொடங்கியது. 'வெஞ்சன்ஸ் வேலி' என்ற படத்தில், பெரும் கால்நடைப் பண்ணை முதலாளியின் உதவாக்கரை மகன். பர்ட் லங்காஸ்டர் அந்த வீட்டில் வளர்ந்த நல்ல பிள்ளை. வாக்கர் பெற்ற பிள்ளை, ஆனால் பொல்லாதவன். அதே தருணத்தில், 1950-இல், ஹிட்ச்காக் அழைத்தார்.

கொலைகாரன் வேடத்துக்குக் கொலைகாரன் முகத்தைத் தேடுவது மற்ற இயக்குநர்களின் வழக்கம். ஹிட்ச்காக் பக்கத்து வீட்டுப் பையனைத் தேடினார். ரயில் பெட்டியில் எதிரே வந்து அமரும் ஒருவன் பார்த்தவுடன் அச்சம் தருபவனாக இருந்தால், யாரும் அவனோடு பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் அல்லவா? டென்னிஸ் வீரன் கய் ஹெய்ன்ஸாக நடித்த ஃபார்லி கிரேஞ்சர், இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹிட்ச்காக்கின் 'ரோப்' படத்தில் கொலை செய்யும் வசதியான வீட்டு இளைஞர்கள் இருவரில் ஒருவராக நடித்திருந்தார். இம்முறை அவருக்கு நல்லவன் வேடம். வாக்கருக்குத் தறுதலை வேடம். ரேமண்ட் சாண்ட்லர் திரைக்கதை எழுத அமர்ந்து, ஹிட்ச்காக்கோடு முட்டிக்கொண்டு விலகியது தனிக் கதை.

படம் காலணிகளில் தொடங்குகிறது. வாடகைக் காரிலிருந்து இறங்கி ரயிலை நோக்கி நடக்கும் இரண்டு ஜோடிக் கால்கள். ஒன்று எளிமையான கருங்காலணி. மற்றொன்று இரண்டு வண்ணங்களில் பளபளப்பது. அந்தப் பகட்டுக் காலணிக்குரியவன் புருனோ. அம்மா வாங்கித் தந்ததாம், தன் பெயர் பொறித்த கழுத்துப்பட்டை ஊசி. அவளைத் திருப்திப்படுத்தவே அணிந்திருக்கிறானாம். மூன்று கல்லூரிகளிலிருந்து துரத்தப்பட்டவன், வேலைக்குப் போகாதவன். தந்தை அவனுக்குச் சிகிச்சை தேவை என்கிறார். தாய் அவனுடைய கை நகங்களைச் சீராக்கிக்கொண்டே அவனைக் கொஞ்சுகிறாள். தாய் கோரமாக வரைந்திருக்கும் ஓவியத்தைப் பார்த்து, அது அப்பாவேதான் என்று புருனோ விழுந்து விழுந்து சிரிக்கும் காட்சியில், தாயின் செல்லமும் தந்தையின் கண்டிப்பும் ஒரு பிள்ளையை எப்படி இரண்டாகக் கிழித்திருக்கின்றன என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. பணக்கார வீட்டுக் கெட்ட பிள்ளை என்றாலே மதுக்கோப்பையும் எக்காளச் சிரிப்புமாக வந்து நிற்கும் எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்தப் புருனோவின் மென்மை கூடுதல் அதிர்ச்சி தரும்.

வாக்கரின் நடிப்பைப் பற்றிச் சில காட்சிகளைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. கேளிக்கைப் பூங்காவில் கய்யின் மனைவியைப் பின்தொடரும்போது, துப்பாக்கி நீட்டி மிரட்டிய சிறுவனின் பலூனைச் சிகரெட் நுனியால் வெடிக்கச் செய்துவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நடக்கிறான். கொலைக்குப் பின், பார்வையற்ற முதியவர் ஒருவர் சாலையைக் கடக்கக் கைகொடுத்து உதவுகிறான். டென்னிஸ் அரங்கில் அத்தனை தலைகளும் பந்தோடு இடமும் வலமும் திரும்ப, நடுவில் ஒரு தலை மட்டும் அசையாமல் கய்யையே நோக்குகிறது. அங்கே வாக்கர் செய்தது ஒன்றுமே இல்லை என்று சொல்லத் தோன்றும். உதட்டோரத்தில் அந்தச் சிரிப்பை எவ்வளவு வைக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. விருந்தொன்றில், முதிய சீமாட்டியின் கழுத்தில் விளையாட்டாகக் கைவைத்துக் கொலைக்கலையை விளக்கும்போது, கண்ணாடி அணிந்த மற்றொரு பெண்ணைக் கண்டு அவன் பார்வை நிலைகுத்துகிறது, தான் கொன்றவள் நினைவுக்கு வருகிறாள், விரல்கள் இறுகுகின்றன, மயங்கி விழுகிறான். குறும்பும் நோயும் ஒரே முகத்தில் இடம்மாறுவதை ஒரே ஓட்டத்தில் காட்ட வேண்டிய காட்சி இது. மதுவில் மூழ்கித் தன்வசம் இழந்த மனிதரால் செய்யக்கூடியதா இது? தமக்குள் இருந்த வேதனையை எட்டி நின்று பார்க்கக் கற்றுக்கொண்ட ஒருவரால் மட்டுமே முடியும். அந்த எட்டி நிற்றலை டொபீகாவில் கற்றாரா, வானொலி நாட்களிலேயே கற்றாரா என்பதை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடலாம்.

1951-இன் கோடையில் படம் வெளியானது. விமர்சகர்கள் வாக்கரைக் கொண்டாடினார்கள். ஆயினும் அந்த ஆண்டின் ஆஸ்கர் பரிந்துரைகளில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, ராபர்ட் பர்க்ஸின் ஒளிப்பதிவுக்கு. நடிகர்களுக்கான பட்டியலில் வாக்கரின் பெயர் இல்லை.

அப்போது அவர் லியோ மெக்கேரியின் 'மை சன் ஜான்' படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். கம்யூனிச அச்சம் அமெரிக்காவை ஆட்டிப்படைத்த காலம். இறைப்பற்றும் நாட்டுப்பற்றும் மிகுந்த நடுத்தரக் குடும்பத்தின் படித்த மகன் ரகசியமாகக் கம்யூனிஸ்டாக மாறிவிட்டதைத் தாய் கண்டறியும் கதை. மறுபடியும் வழிதவறிய மகன். மறுபடியும் பரிதவிக்கும் தாய், சீறும் தந்தை. தொடர்ந்து மூன்று படங்களில் மூன்று விதமான தறிகெட்ட பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பையனின் மீது ஹாலிவுட் ஒரு புதிய முத்திரையைக் குத்திவிட்டிருந்தது.

1951 ஆகஸ்ட் 28 அன்று மாலை, லாஸ் ஏஞ்சலீஸில் உள்ள அவருடைய வீட்டில் வாக்கர் கடும் மனக்கொந்தளிப்பில் இருப்பதைக் கண்ட பணிப்பெண், அவருக்குச் சிகிச்சையளித்துவந்த மனநல மருத்துவரை அழைத்தார். அவரை அமைதிப்படுத்த சோடியம் அமிட்டால் என்ற மருந்து ஊசி வழியே செலுத்தப்பட்டது. வாக்கர் அன்று மது அருந்தியிருந்தார். அமிட்டால், மூளையின் செயல்பாட்டைத் தணிக்கும் பார்பிட்டுரேட் வகை மருந்து. மதுவும் அதையே செய்யும். இரண்டும் சேரும்போது மூச்சை இயக்கும் நரம்பு மையமே அடங்கிவிடக்கூடும். வாக்கரின் சுவாசம் நின்றது, மீட்க முடியவில்லை. முன்பும் பலமுறை அதே மருந்து அவருக்கு அளிக்கப்பட்டிருந்ததாக அப்போது கூறப்பட்டது. தம்மைத்தாமே அழித்துக்கொண்டவர் என்று எழுதுகிறவர்கள், அவர் இறந்தது மருத்துவர் கையிலிருந்த ஊசிக்குப் பிறகு என்பதையும் அதே பத்தியில் எழுத வேண்டும்.

அவருடைய உடல் யூட்டாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆக்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த இருப்புப் பாதைகள் சந்திக்கும் சந்திப்பு ஊர் ஆக்டன். மகன்கள் இருவருக்கும் அப்போது பத்து, பதினொன்று வயது. 1949-இலேயே செல்ஸ்னிக்கை மணந்திருந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் 2009 வரை வாழ்ந்தார். மூத்த மகன் ராபர்ட் வாக்கர் ஜூனியர் தந்தையின் முகச்சாயலோடு நடிகரானார். 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் தொடக்ககால அத்தியாயமொன்றில், தன் ஆற்றலை அடக்கத் தெரியாத, அன்புக்கு ஏங்கும் பதின்வயதுப் பையனாக அவர் நடித்ததைப் பலர் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

'மை சன் ஜான்' முடியவில்லை. மகன் மனம் திருந்தும் இறுதிப் பகுதி மிச்சமிருந்தது, நடிகர் இல்லை. நிறுவனம் படத்தைக் கைவிட விரும்பவில்லை. மெக்கேரி கதையின் முடிவை மாற்றினார். ஜான், வாஷிங்டனின் லிங்கன் நினைவிடப் படிகளருகே கவிழ்ந்த வாடகைக் காருக்குள் சிக்கி இறப்பதாக எழுதப்பட்டது. பட்டமளிப்பு விழாவில் அவன் ஆற்ற வேண்டிய உரை, ஆளில்லா மேடையில் ஒளிவட்டத்தின் கீழே ஒலிப்பதிவுக் கருவியிலிருந்து ஒலிக்கும்படி செய்யப்பட்டது. இறக்கும் ஜானின் முகம் வேண்டுமே! ஹிட்ச்காக்கின் படத்தில், சிதைந்து விழுந்த ராட்டினத்தின் இடிபாடுகளுக்கு அடியில் கிடந்து, கடைசி மூச்சிலும் பொய் சொல்லிவிட்டுச் சாகும் புருனோவின் காட்சித்துண்டை வாங்கிவந்து, கவிழ்ந்த காருக்குள் பொருத்தினார்கள். 1952-இல் படம் வெளியானபோது, திருந்திய மகனின் மரணமாக மக்கள் பார்த்தது, திருந்தாத புருனோவின் மரணத்தை.